கடைசித் தண்ணீர்

நாயைக் குளிப்பாட்டுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை டாக்டர். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், காதுக்குள் போகக் கூடாது, சோப்பு மிச்சம் இல்லாமல் அலச வேண்டும், அவ்வளவுதான். இதைப் போய் நீங்கள் எனக்குப் பொறுமையாக விளக்கியபோதெல்லாம் உள்ளுக்குள் சிரிப்பு வரும். துணி வெளுப்பதிலேயே பாதி ஆயுள் போன எனக்கு அலசத் தெரியாதா?

இன்று வந்ததும் என்னைத் தனியாக உள்ளே கூப்பிட்டீர்கள். கதவைச் சாத்திவிட்டு, "வீட்ல கடைசியா எந்தத் தண்ணில அலசுறீங்க?" என்று கேட்டீர்கள். அதட்டலாகக் கேட்கவில்லை, அதற்கு நன்றி. எனக்குப் பயம் வரவில்லை. உட்கார ஒரு நாற்காலி கிடைத்ததே என்றுதான் இருந்தது. அவ்வளவு அலுத்துப்போயிருக்கிறேன். சொல்லிவிடுகிறேன்.

நான் ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் மேற்பார்வை பார்க்கிறேன். விரிப்புகளில் வரும் கறை லேசில் போகாது. சலவை சோடா போடுவோம். எண்ணெய்ப் பசை எங்கிருந்தாலும் அது ஒட்ட வழித்து எடுத்துவிடும். அதனால்தான் மூன்று தண்ணீர் அலசியே தீர வேண்டும் என்று எங்களுக்குச் சட்டம். அலசாமல் விட்டால் அந்த விரிப்பில் படுக்கிறவருக்கு முதுகு சிவந்து, அரிப்பெடுத்து, தோல் செதில் செதிலாக உதிரும். புதிதாக வந்த ஒருத்தி சோம்பல்பட்டு ஒரே தண்ணீரோடு நிறுத்திவிட்டாள். ஒரு வார்டே முதுகைச் சொறிந்துகொண்டு கிடந்தது. அவளை நான்தான் வேலையை விட்டு அனுப்பினேன். அலட்சியம் எனக்கு ஆகாது.

வீட்டில் நான், என் தங்கை, இந்த நாய். தங்கையைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவேன். அம்மா போனபோது அவளுக்குப் பால்பல்கூட விழவில்லை. தலை வாரி, பேன் பார்த்து, காய்ச்சல் வந்தால் நெற்றியில் ஈரத்துணி போட்டு வளர்த்தேன். யார் உன்னைச் செய்யச் சொன்னது என்று நீங்கள் கேட்கலாம். யாரும் சொல்லவில்லை. நாயைத் தெருவிலிருந்து தூக்கி வந்தவள் அவள். ரோமம் அடர்த்தியாக இருக்கிறது என்று கம்பளி என்று பெயரும் அவளே வைத்தாள். கொஞ்சுவது அவள், பீ அள்ளுவது நான். வீடு என்றால் அப்படித்தான்.

பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை, அவர் முதலில் போய்விட்டார். நாயை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று இவள் பிடிவாதம் பிடித்தாள். அவர் முடியாது என்பார், பேச்சு அங்கேயே நிற்கும் என்று நினைத்தேன். அவரோ நாயோடு குடியிருக்கத் தோட்டம் வைத்த வீடாகப் பார்த்து, அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். நல்ல மனுஷன். அதுதான் தொல்லை.

கம்பளியை விமானத்தில் ஏற்ற வேண்டுமென்றால் தோலில் நோய் எதுவும் இல்லை என்று நீங்கள் சான்று தர வேண்டும். அதை வாங்குவதற்குச் சில நாள் முன்னால் அவன் எங்கோ லாரிக்கு அடியில் படுத்துவிட்டு, முதுகெல்லாம் கிரீஸைப் பூசிக்கொண்டு வந்து நின்றான். நீங்கள் கொடுத்த ஷாம்பு அதற்குப் போதவில்லை. கூடத்திலிருந்து ஒரு கைப்பிடி சோடா கொண்டுவந்து கரைத்து ஊற்றினேன். பளிச்சென்று போய்விட்டது. அன்று எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது, சரியாக அலசவில்லை. அந்த ஒரு தடவை தற்செயல்தான் டாக்டர், சத்தியமாக.

ஓரிரு நாளில் ரோமத்தின் மினுமினுப்பு போய்விட்டது. கையால் தடவினால் முதுகிலிருந்து மாவு மாதிரி உதிர்ந்தது. "இந்த நிலைமையில இவனை அனுப்ப முடியாது, சரியாகட்டும்" என்றீர்கள். சின்னவள் வீட்டுக்கு வந்து அழுதாள். சாயங்காலம் பெட்டியில் வைத்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அலமாரியில் அடுக்கினாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சின்ன வயதில் போல என் மடியில் காலைப் போட்டாள். நான் விரல்களுக்குச் சொடுக்கு எடுத்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். தோலைச் சுரண்டி எடுத்துப் பார்த்தீர்கள், சொறிப் பூச்சி எதுவும் இல்லை. ரத்தம் பார்த்தீர்கள், குறை இல்லை. தீனி ஒத்துக்கொள்ளவில்லையோ என்று தீனியை மாற்றினீர்கள். மீன் எண்ணெய் மாத்திரையைக் கிள்ளித் தீனியில் ஊற்றச் சொன்னீர்கள். அடிக்கடி குளிப்பாட்டாதே, தினம் சீவிவிடு என்றீர்கள். சின்னவள் எல்லாவற்றையும் பயபக்தியோடு செய்தாள். அவள் செய்ததற்குப் பலனும் இருந்தது. கொஞ்ச நாளில் ரோமத்தில் மினுமினுப்பு ஏறும், அவள் பெட்டியை இறக்குவாள், அடுத்த குளியல் வரும். குளிப்பாட்டுவது என் வேலை. நீங்கள் சொன்னபடியே ஷாம்பு போட்டு, ஊறவிட்டு, நன்றாக அலசுவேன். கடைசித் தண்ணீரில் மட்டும் ஒரு கைப்பிடி. அதற்கு மேல் ஒருநாளும் போட்டதில்லை.

அவனை நான் அடித்ததே இல்லை. கூப்பிட்டால் வாலைத் தாழ்த்திக்கொண்டு குளியலறைக்குள் வந்து நிற்பான். பாதியில் என் கையை நக்குவான், உடனே நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு தலையை உதறுவான். அடுத்த முறையும் அதே போல நக்குவான். புத்தி இல்லாவிட்டால் நான் என்ன செய்ய முடியும்? வால் அடியில் சொறிந்து சொறிந்து புண்ணாகி ரத்தம் வந்தது. கடிக்காமல் இருக்கக் கழுத்தில் புனல் மாதிரி ஒன்றை மாட்டினீர்கள், அதோடு கதவுகளில் எல்லாம் மோதிக்கொண்டு திரிந்தான். சொறியும்போது பின்னங்கால் தரையில் தட்டும், டப் டப் என்று. அந்தச் சத்தத்தில் எனக்கும்தான் தூக்கம் கெட்டது. நானும்தான் கஷ்டப்பட்டேன். அதை யாரும் கேட்கவில்லை.

ஒருநாள் அவனுக்குச் சீவிவிட்டுக்கொண்டே சின்னவள் கேட்டாள்: "நான் போறதே இவனுக்குப் பிடிக்கலையோ அக்கா?"

"வாயில்லா ஜீவன். அதோட மனசுல என்ன இருக்கோ, யாரு கண்டா" என்றேன்.

அவள் அவனை என்னிடமே விட்டுவிட்டுப் போகட்டுமா என்றுகூடக் கேட்டுப் பார்த்தாள். என் முதுகு இருக்கிற இருப்பில் ஒரு நோயாளி நாயை என் தலையில் கட்டாதே என்று சொல்லிவிட்டேன். நீயும் வந்துவிடேன் அக்கா என்றும் கூப்பிட்டாள். ஒப்புக்குக் கூப்பிட்டிருப்பாள். மாப்பிள்ளையின் போன் பேச்சு வரவரச் சுருங்கிக்கொண்டே வந்தது. அவள் முகமும்தான். எனக்குப் பார்க்கப் பாவமாக இருந்தது, விதவிதமாகச் சமைத்துப் போட்டேன்.

கடைசியில் என் முதுகே என்னைக் காட்டிக்கொடுத்தது. ஈர விரிப்பு மூட்டையைத் தூக்கப் போய்ப் பிடித்துக்கொண்டது, எழுந்திருக்க முடியவில்லை. என்னையும் நாயையும் சேர்த்துப் பார்க்க முடியாமல் சின்னவள் அவனை உங்களிடம் விட்டாள். அதே ஷாம்பு, அதே தீனி. உங்கள் கையில் குணமாகிவிட்டான். இதோ மேசைக்கு அடியில் கிடக்கிறான், ரோமம் எண்ணெய் தடவியது போல மின்னுகிறது. நான் உள்ளே வந்ததும் வாலை ஆட்டினான், பிறகு எழுந்து உங்கள் நாற்காலிக்குப் பின்னால் போய்விட்டான். நீங்கள் அதைப் பார்த்தீர்கள். நானும் பார்த்தேன்.

நீங்கள் சான்று கொடுத்துவிடுங்கள். அவளிடம் சொல்லத்தான் வேண்டும் என்றால் சொல்லுங்கள், தடுக்க எனக்குத் தெம்பு இல்லை. இனிமேல் அவனைத் தொடமாட்டேன். அது உறுதி.

இன்று அவளே வந்திருப்பாள். உடம்பில் துணி படவிடாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். நான் எழுந்து நடமாட ஆரம்பித்ததிலிருந்தே அவளுக்கு முதுகும் இடுப்பும் சிவந்து ஒரே அரிப்பு, சொறிந்தால் செதில் உதிர்கிறது. "இது கம்பளிகிட்டேருந்து ஒட்டிக்கிட்டதான்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டு வா அக்கா. இதோட எப்படி விமானம் ஏறுறது? சரியாகட்டும், அப்புறம் போறேன்" என்றாள். அவளாகத்தான் சொன்னாள். நான் போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நேரமாகிறது, நான் கிளம்புகிறேன். அவள் துணிகளை ஊறவைத்துவிட்டு வந்திருக்கிறேன், போய் அலச வேண்டும். ஆனால் இந்த முதுகை வைத்துக்கொண்டு மூன்று தண்ணீர் அலச என்னால் முடிவதில்லை டாக்டர்.