கண்ணைக் கட்டினாலும் எட்ட வேண்டிய கைப்பிடி

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மோட்டார் தொழிலாளர் சங்கத் தலைவர் ஆவுடைநாயகம் அவர்களே! கொல்லத்திலிருந்து ரயிலேறி வந்து மேடையில் அமர்ந்திருக்கும் படகு முதலாளி துல்கர்னைன் சாயபு அவர்களே! கணவரைப் பறிகொடுத்த துயரத்தோடு முன்வரிசையில் இருக்கும் முத்துவடிவு அண்ணி அவர்களே! பட்டறையைப் பூட்டிவிட்டும் பஸ்ஸை நிறுத்திவிட்டும் வந்திருக்கும் தோழர்களே, தாய்மார்களே! சாரலில் நனைந்துகொண்டு வாசலில் நிற்பவர்களே, உள்ளே வந்துவிடுங்கள். நம் அண்ணாச்சிக்கு யாரையும் வெளியே நிறுத்திப் பேசிப் பழக்கமில்லை.

நான் ஜெபமலர். மறைந்த நாறும்பூநாதன் அண்ணாச்சியின் பேட்டரிக் கடையில் பங்குதாரர். என் கணவர் இறந்தபோது, அவருடைய பங்கை விற்றுவிட்டு வீட்டோடு இரு என்று ஊரே புத்தி சொன்னது. அண்ணாச்சி ஒருவர்தான், "நாளைக்கே கடைக்கு வா தங்கச்சி. ஆசிட்டு கையைச் சுட்டா என்னைய ஏசு" என்றார். சுட்டது, ஏசினேன், சிரித்தார். அந்தச் சிரிப்பை இனி எங்கே போய்க் கேட்பேன்?

சென்ற செவ்வாய்க்கிழமை செங்கோட்டை ரயில் நிலையத்தில், கொல்லம் வண்டிக்குக் காத்திருந்தவருக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. வண்டி வந்தது, அவர் ஏறவில்லை. பக்கத்தில் இருந்த கருவிப்பெட்டிக்குள், சாயபு அவர்களின் புதுப் படகில் பொருத்த வேண்டிய பேட்டரி சுவிட்ச் இருந்தது. இன்று நான் பேச வந்தது அந்தச் சுவிட்சைப் பற்றித்தான்.

இரங்கல் கூட்டத்தில் சுவிட்சைப் பற்றியா பேசுவது என்று முகம் சுளிக்காதீர்கள்! இந்தச் சங்கம் 'மின்கலச் செம்மல்' என்று பட்டம் கொடுத்தபோது அவர் என்ன கேட்டார்? "இந்தப் பட்டத்தை வச்சு டெர்மினலைச் சொரண்ட முடியுமாலே?" என்று கேட்டார். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு வெறும் புகழுரை பிடிக்குமா?

கடலே இல்லாத தென்காசியில் உட்கார்ந்துகொண்டு படகு வேலையா என்று கேலி செய்தார்கள். மலையைக் குடைந்து ரயில் போகிறதே! அந்தப் பக்கம் இறங்கினால் காயல். முந்திரி ஆலைக்குப் போகும் பெண்கள் அங்கே படகில்தான் அக்கரை போகிறார்கள். அந்தப் படகில், பேட்டரியிலிருந்து வருகிற மின்சாரம் முழுவதையும் ஒரே திருகில் நிறுத்துகிற கைப்பிடி ஒன்று இருக்க வேண்டும். படகைக் கட்டிப் போட்ட பிறகு பேட்டரி இறங்காமலிருக்க அது வேண்டும். வயர் உரசிப் புகை கிளம்பினால் உயிர் தப்பவும் அதுதான் வேண்டும்.

எதை வாங்கி மாட்டுவது? வீட்டுக்குப் போடும், செம்புத் தகடு வெளியே தெரிகிற திறந்த கத்தி சுவிட்சை, மலிவு என்று சிலர் மாட்டினார்கள். பெட்ரோல் ஆவி நிற்கிற இடத்தில் பொறி பறந்தால் என்ன ஆகும்? அண்ணாச்சி அதைக் கையாலும் தொடமாட்டார். நாலுபக்கமும் மூடியது வேண்டும். ஸ்டார்ட்டர் இழுக்கிற மின்சாரத்தைத் தாங்கும் கனத்தில் உள்ளே செம்பு வேண்டும். அப்படிப் பொறுக்கியதையும் நம்பமாட்டார். உப்புத் தண்ணீரில் முக்கி, ஐந்தருவிக்குக் கொண்டுபோய், சாரல் ஓயாமல் அடிக்கிற இடத்தில் கட்டித் தொங்கவிடுவார். காவலுக்கு, அங்கே வடைக்கடை போட்டிருக்கும் குருவம்மாள். ஒருநாள் நாங்கள் போய்ப் பார்த்தால், சுவிட்சுகளுக்குக் குங்குமமும் செவ்வந்திப்பூவும்!

"நான் வைக்கலை அண்ணாச்சி. குளிக்க வந்த கூட்டம் ஏதோ சாமின்னு கும்பிட்டுட்டுப் போவுது. ஒரு மகராசி தேங்காயும் ஒடச்சிட்டா" என்றாள் குருவம்மாள். அண்ணாச்சி கோபப்பட்டாரா? இல்லை! "குங்குமம் உள்ள எறங்கியிருக்கான்னு பாப்போம்" என்று அங்கேயே உட்கார்ந்து கழற்றினார். உள்ளே சிவந்திருந்ததைத் தூக்கி எறிந்தார். சுத்தமாக இருந்ததைத் துண்டில் சுற்றிக்கொண்டார். பக்தர் கூட்டமே அவருக்குச் சோதனை செய்து கொடுத்துவிட்டது.

ஆனால், அவரும் ஒருமுறை சறுக்கினார். அதை மறைத்து நான் புகழ்ந்தால் அவரே எழுந்து வந்து மறுப்பார். ஐம்பத்தெட்டாம் வருஷம், சாயபு அவர்களின் பழைய படகில், பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்ற பேச்சுக்கு இணங்கி, சுவிட்சை இன்ஜின் பெட்டிக்குள்ளேயே பொருத்திவிட்டார். நடுக்காயலில் புகை கிளம்பியது. படகோட்டி மாடன், நம் தென்காசிப் பிள்ளை, மூடியைத் திறந்து நெருப்புக்குள் கையை விட்டுத் திருப்பினான். படகு நிறையப் பெண்கள். அத்தனை பேரும் கரை சேர்ந்தார்கள். மாடனின் வலது கை மட்டும் இன்றுவரை மடங்கவில்லை. அதோ, தூணருகே நிற்கிறான்.

ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "எம்புத்தி கெட்டுப்போச்சுலே மாடா" என்று அண்ணாச்சி விம்மி அழுதார். மாடன்தான் தேற்றினான். "அழாதீய அண்ணாச்சி. அடுத்த படகுல வெளிய வையுங்க" என்றான்.

அவ்வளவுதான்! அன்று முதல் யார் சொல்லுக்கும் அவர் வளைந்ததில்லை. பேட்டரிக்குப் பக்கத்தில், ஆனால் இன்ஜின் பெட்டிக்கு வெளியே. காலும் கயிறும் இடறாத இடத்தில். பொருத்தி முடித்ததும், படகோட்டியின் கண்ணைத் தன்னுடைய நீலத் துண்டால் கட்டிவிடுவார். "பொகையில கண்ணு தெரியாதுலே. இப்பத் தேடு!" முதல் வீச்சிலேயே கை போய்ச் சேரவில்லை என்றால், கழற்றி வேறிடத்தில் மாட்டுவார். "மத்த நாள்ல இன்ஜினை நிறுத்திட்டுத்தான் திருப்பணும், இல்லேன்னா டைனமோ போயிரும். பொகை வந்தா, டைனமோ போனாப் போவுது, திருப்பு!" என்பார். எத்தனை படகுகள்! எத்தனை கண்களைக் கட்டினார்! எத்தனை வீடுகளில் அதனால் அடுப்பு எரிகிறது!

சாயபு அவர்களே! இன்று காலை நம் கடைக்கு வந்து கண்கலங்கினீர்கள். அந்தக் கண்ணீர் பொய்யில்லை. பிறகு சொன்னீர்கள்: "ஆலை தெறக்கப் போவுது. அண்ணாச்சியே போயிட்டாவ, இனி யாரு வந்து மாட்டுவா? வயரை நேராக் குடுத்துப் படகை எறக்கிருதேன். சுவிட்சைப் பெறகு பாத்துக்கிடலாம்."

உங்கள் அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனால், பிறகு வருகிறேன் என்று புகை சொல்லி அனுப்புமா? அந்தப் புதுப் படகை ஓட்டப் போவது யார்? இதே மாடன் அல்லவா! போன மாதம் அண்ணாச்சி அங்கே போனபோது, சுவிட்ச் வைக்க வேண்டிய இடத்தில் சாக்பீஸால் குறி போட்டுவிட்டு வந்தார். எந்தப் பக்கம்? இடது பக்கம்! வலப்பக்கம் வைத்தால்தான் வசதி என்று உங்கள் தச்சர் சொன்னாராம். யாருக்கு வசதி? மடங்காத கைக்கு வலப்பக்கம் எதற்கு?

யாரு வந்து மாட்டுவா என்று கேட்டீர்கள். நான் வருகிறேன்! அண்ணாச்சி துளை போட, கேபிள் நுனிக்கு நான் ஈயம் வைத்த படகுகள் உங்களிடமே ஓடுகின்றன. பொம்பளை படகில் ஏறி ஸ்பானர் பிடிப்பதா என்று யாராவது இழுத்தால், அவர் கண்ணையும் கட்டி விடுங்கள். என் கண்ணையும் கட்டுங்கள். யார் முதலில் நட்டை இறுக்குகிறார் என்று பார்த்துவிடலாம்.

இந்தச் சபை சாட்சியாகச் சொல்கிறேன். எங்கள் கடையிலிருந்து படகுக்குப் போகிற எந்தப் பேட்டரியும் சுவிட்ச் இல்லாமல் போகாது! கண்ணைக் கட்டிப் பார்க்காமல் எந்தச் சுவிட்சும் தேறாது! முதலாளி கோபித்தாலும் சரி, ஆலை காத்திருந்தாலும் சரி. சாயபு எழுந்து நின்று தலையசைக்கிறார்கள். சபை பார்த்துக்கொண்டது. நன்றி, சாயபு அவர்களே!

முத்துவடிவு அண்ணி என் கையில் கொடுத்த நீலத் துண்டு இதோ இருக்கிறது. அண்ணாச்சியின் படத்தின் மேல் போடச் சொன்னார்கள். மன்னித்துவிடுங்கள் அண்ணி, போட மாட்டேன். படத்துக்கு மாலை போதும். துண்டுக்கு வேலை இருக்கிறது.

ஏலே மாடா! நாளைக்குக் காலை வண்டிக்கு வந்துரு. மாட்டி முடிச்சதும் ஒன் கண்ணைக் கட்டுவேன். இடது கையை நீட்டு. கைப்பிடி அங்கன இருக்கும்.