பிரிக்காத பெட்டி

மழைக்காலத்துக்கு வேண்டிய குடையை நான் வெயில் காலத்திலேயே வாங்கிவிடுவேன். ஆன்லைனில் ஒரே குடைக்கு இரண்டு விலை. நாளைக்கே வேண்டும் என்றால் ஒரு விலை, மூன்று வாரம் பொறுத்துக்கொண்டால் அதில் பாதி. நான் எப்போதும் பொறுத்துக்கொள்கிற கட்சி. நீங்களும் முயன்று பாருங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா, உங்கள் சம்பளத்துக்கு உதவும்.

வீட்டில் நானும் அண்ணனும் மட்டும்தான். அண்ணனிடம் பொறுமை மருந்துக்கும் கிடையாது. என் பெயருக்கு எந்தப் பார்சல் வந்தாலும், நான் வேலை விட்டு வருவதற்குள் பிரித்துவிடுவான். மூன்று வாரம் காத்திருந்து வாங்கிய சட்டையை ஒரு நாள் போட்டுவிட்டு மடித்து வைப்பான். புதுச் செருப்பில் கூடத்தை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, "உன் காலுக்கும் சரியாத்தாண்டா இருக்கும்" என்பான். ஏனென்று கேட்டால், "கஞ்சப்பயலுக்கு ரோஷத்தைப் பாரு" என்று சிரிப்பான். பன்னிரண்டு வருஷம் நானும் கூடவே சிரித்தேன். உள்ளுக்குள் அவனைக் கண்டாலே எனக்கு எரியும்.

போன வருஷம் மாடிப்படியில் விழுந்தான். தானாகத்தான் விழுந்தான், அதை என் தலையில் கட்டாதீர்கள். இடுப்புக்குக் கீழே உணர்வு போய், படுத்த படுக்கையானான். சோறு போட்டது நான், துடைத்துவிட்டது நான். அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள், தங்கமான தம்பி என்பார்கள்.

முதுகில் புண் வந்தது. வாரம் ஒருமுறை வரும் நர்ஸம்மா பார்த்துவிட்டு, "காத்து மெத்தை ஒண்ணு உடனே வாங்குங்க. உடம்பு ஒரே இடத்துல அழுந்தாது. சீழ் பிடிச்சு ரத்தத்துல கலந்துட்டா அப்புறம் காப்பாத்த முடியாது" என்றார். அண்ணன் தன் கார்டை எடுத்து நீட்டினான்.

"நாளைக்கே வர்ற மாதிரி போடுடா."

மூன்று வாரத்தில் வருவதைப் போட்டேன். இருபத்திரண்டாம் தேதி வரும் என்று அவனிடம் சொன்னேன். வாய்க்கு வந்தபடி திட்டினான். நாலைந்து நாளில் திட்டுவது நின்று, கெஞ்சல் ஆரம்பித்தது.

"எப்படா வரும்?"

"கப்பல்ல வருதுண்ணா."

அடுத்த வாரம் நர்ஸம்மாவும் அதையே கேட்டார். இனி வர வேண்டாம், வேறு ஆள் பார்த்துவிட்டேன் என்று அனுப்பிவிட்டேன். கேட்டதையே கேட்பவர்களை எனக்குப் பிடிக்காது. நீங்கள் தொடருங்கள், உங்கள் உத்தியோகம் அது.

மெத்தை பத்தாம் தேதியே வந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் வரும் என்று யார் கண்டது? கையெழுத்துப் போட்டு வாங்கினேன். ஒட்டியிருந்த சீட்டைச் சுவர்ப்பக்கம் திருப்பி, அவன் கட்டிலுக்கு எதிரே பீரோ மேல் வைத்தேன்.

"என்னடா பெட்டி அது?"

"மிக்ஸி."

"பிரிக்கலையா?"

"மெதுவாப் பிரிக்கலாம்."

அவன் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தான். என் பெயருக்கு வந்த ஒரு பெட்டி அவன் கை படாமல் முழுசாக இருந்தது அதுதான் முதல் தடவை. வேலை விட்டு வந்ததும் வாசற்படியில் நின்று அதைப் பார்ப்பேன். மனசு நிறைந்துபோகும். வாடை தாங்க முடியாமல் போனபோது ஜன்னலைத் திறந்து வைத்தேன். காய்ச்சல் ஏறி உளற ஆரம்பித்தான். இருபத்திரண்டாம் தேதி பிரித்துப் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன், நான் சொன்ன தேதி அதுதானே. பதினெட்டாம் தேதி காலையில் போய்விட்டான்.

பத்து நாளுக்குள் பிரிக்காமல் திருப்பி அனுப்பினால் முழுப் பணமும் வந்துவிடும். தகனம் முடிந்த மறுநாள், பத்தொன்பதாம் தேதி, போனை எடுத்தேன். திருப்பி அனுப்பக் காரணம் கேட்டது. பட்டியலில் 'தாமதமாக வந்தது' என்பதும் இருந்தது. எனக்குப் பொய் சொல்ல வராது ஐயா. அதை விட்டுவிட்டு, 'இனித் தேவையில்லை' என்பதைத் தொட்டேன்.