நுரையீரல் லாரி

— சாமான் வாங்கன்னுதானே கூட்டிட்டு வந்தே, அவ்ரில்? கடை வாசல் அந்தப் பக்கம். இங்க ஏன் காரை நிறுத்தச் சொன்னே?

— தெரியாத மாதிரி கேக்காதே, டெஸ்மண்ட். எதிர்ல நிக்குது பாரு, நுரையீரல் பாக்கற லாரி. உன் பேரைக் கொடுத்தாச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல கூப்பிடுவாங்க.

— அட விடு. லாரிக்குள்ள வைத்தியமா? மீன் ஏத்துற வண்டி மாதிரி இருக்கு.

— பாதி ஆயுசு மீன்பிடிக் கப்பல்ல கிடந்தவனுக்குப் பொருத்தந்தான். உள்ள ஸ்கேன் மெஷின் வெச்சிருக்காங்க. படுத்து மூச்சைப் பிடிச்சா முடிஞ்சுது. ஊசிகூட இல்லை. கிரிம்ஸ்பில பாதி ஊரு போயிட்டு வந்தாச்சு, கேக்குதா?

— நான் சிகரெட்டை விட்டே எத்தனை காலமாச்சு!

— விட்டவங்களுக்குந்தான். நீ என்ன கொஞ்சமாவா ஊதினே? வலை இழுக்கறப்போ வாயில ஒண்ணு, காதுல ஒண்ணு.

— அந்தக் குளிருக்கு வேற என்ன இருந்துச்சு? அட விடு, எனக்கு இருமல் இருக்கா, சளி இருக்கா? நாயைக் கூட்டிக்கிட்டு கடலோரம் முழுக்க நடக்கறேன்.

— இருமல் வந்தப்புறம் பாக்கறதுக்கு இந்த லாரி எதுக்கு?

— நார்மனுக்கு என்னாச்சு? என் தம்பி, கல்லு மாதிரி இருந்தவன். படம் எடுத்தாங்க. கிறிஸ்துமஸுக்கு அவன் நாற்காலி காலி.

— படம் எடுத்ததால சாகலை உன் தம்பி. ரத்தமா துப்பினதை ஈறு வீக்கம்னு மறைச்சு மறைச்சு, நோயை முத்தவிட்டுப் போய்ச் சேந்தான்.

— தெரியாம இருந்தா நிம்மதி, அவ்வளவுதான்.

— எது நிம்மதி? லாரி ஊருக்குள்ள வந்ததுலேர்ந்து உனக்குத் தூக்கமில்லை. இப்பக்கூட சாவியைப் போட்டு உருட்டிக்கிட்டே இருக்கே.

— சரி, பயமாத்தான் இருக்கு! போதுமா? "கொஞ்சம் உக்காருங்க"ன்னு ஒரு குரல்ல சொல்லுவாங்களே, அதைக் கேக்க எனக்குத் திராணி இல்லை.

— நிறைய பேருக்கு ஒண்ணும் இல்லைன்னுதான் சொல்லி அனுப்பறாங்க.

— ஊருக்கு உபதேசமா? நீயும் என் பாக்கெட்லேர்ந்து உருவி ஊதினவதானே? உன்னையும் கூப்பிட்டிருப்பாங்களே. முதல்ல நீ போ மகராசி. நீ போனா நானும் போறேன், சத்தியம்.

— நான் போயாச்சு, டெஸ்.

— எப்போ?

— லாரி வந்த புதுசுலேயே. அப்புறம் பெரிய ஆஸ்பத்திரிக்கும். உன்கிட்ட தங்கச்சி வீட்டுக்குன்னு சொன்னேன்.

— ஒண்ணும் இல்லைதானே? அவ்ரில், இங்க பாரு. ஒண்ணும் இல்லைதானே?

— வலது பக்கம் பட்டாணி அளவுக்கு ஒண்ணு இருக்காம். சீக்கிரம் பிடிச்சாச்சு, வெட்டி எடுத்துடலாம்கறாங்க. திங்கக்கிழமை ஆப்பரேஷன். அதுக்கப்புறம் உன்னை இங்க இழுத்துட்டு வர எனக்கு மூச்சு பத்தாது.