கருமாதிக் காட்சி

— ஆண்ட்டி, ஆண்ட்டி, மேல வரக்கூடாது. ஷோ எட்டு மணிக்குத்தான் லா. கீழ கோப்பிக் கடையில உக்காருங்க.

— ஷோ பாக்க நான் வரல. புஷ்பலதாங்கிறது யாரு?

— நான்தான். நீங்க யாரு?

— மங்களம். விமலாவோட அம்மா.

— அலாமா...

— என்ன, பேயப் பாத்த மாரி நிக்கிற? பத்துகாஜாவுல பஸ் ஏறி, ஈப்போவுல எறங்கி, வழி கேட்டுக் கேட்டு நடந்தே வாரேன். உக்காரச் சொல்ல மாட்டியா?

— உக்காருங்க. அந்த நாடகத் துணியெல்லாம் தள்ளிட்டு உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?

— வேணாம். உங்க கையால எனக்கு ஒண்ணும் வேணாம்.

— கடையில வாங்குன போத்தல் ஆண்ட்டி. மூடியக்கூட நாங்க தொறக்கல. ஒண்ணும் ஒட்டிக்காது லா.

— ...சரி, குடு. வெயிலு மண்டையப் பொளக்குது.

— இப்ப எதுக்கு வந்தீங்க? அவ ஆஸ்பத்திரியில கெடந்தப்ப உங்க வீட்டுக்கு நான் போன் போட்டேன். உங்க மகன் தீபன் எடுத்து, ராங் நம்பர்னு வச்சிட்டாரு. செத்தப்ப மறுபடியும் போட்டேன். அப்பவும் ராங் நம்பர்.

— தெரியும். பக்கத்துலதான் உக்காந்து கீர ஆஞ்சிக்கிட்டு இருந்தேன்.

— பக்கத்துலயே இருந்தீங்களா! என்னா மனசு லா உங்களுக்கு! நாங்க நாலு பொம்பளைங்கதான் அவள எடுத்துட்டுப் போனோம். மின்சுடலையில பட்டன அமுக்குனது நான். கோலா கங்சார் ஆத்துல சாம்பலக் கரைக்கிறப்ப, இதுல உரிமக்காரங்க யாரும்மான்னு ஐயரு கேக்குறாரு. நாங்க ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாத்துக்கிட்டு நிக்கிறோம்.

— நாங்க எப்பிடி வாரது? இந்தா பாரு, எங்க சனத்துக்கு அவ செத்துப் பல வருசம் ஆச்சு. செத்தவ மறுபடியும் எப்பிடிச் சாவா?

— ஆமா, உயிரோட இருந்தவளுக்குக் கருமாதி பண்ணவங்கதானே நீங்க.

— பண்ணோம். இல்லேன்னா சொல்றேன்? ஓட்டல்ல போலீஸ் புடிச்சு, பேப்பர்ல படம் போட்டுட்டான். மூஞ்சிய மறச்சிருந்தா. கையில நான் போட்டுவிட்ட வளையலு. நான் கண்டுபுடிச்ச மாரி நாளைக்கு இன்னொருத்தன் கண்டுபுடிக்க மாட்டானா? சின்னவளுக்கு வேற மாப்ள தேடிக்கிட்டு இருந்தோம். அவங்க அப்பாதான் சொன்னாரு. ஜோகூர்ல லோரி அடிச்சுருச்சு, அங்கேயே எரிச்சாச்சுன்னு சொல்லிருவோம்னு.

— ஊரும் நம்பிருச்சு.

— செத்தவளப் பத்தி யாரு தப்பாப் பேசுவா? சின்னவ கல்யாணம் நடந்துச்சு. இன்னிக்கு ரெண்டு புள்ளைக்குத் தாயி.

— விமலாவும் அதத்தான் சொல்லிச் சிரிப்பா. நான் செத்து என் தங்கச்சிக்குக் கல்யாணம் பண்ணி வச்சேன்னு.

— அப்பிடியா சொன்னா?

— மேடையிலயே சொல்லுவா லா.

— அந்த மேடையப் பத்தித்தான் கேக்க வந்தேன். மருமக தினேஸ்வரி போன்ல வீடியோ காட்டினா. நாங்க இருந்த தோட்டத்த வித்து, லயத்த இடிச்சு, அதே சனத்தக் கொண்டாந்து ஒரே தாமான்ல, செவுரு ஒட்டுன வீட்டுல அடைச்சிருக்கான். அதே வாயி, அதே கண்ணு. இன்னிக்கு மருமக பாத்தா, நாளைக்கு தாமானே பாக்கும். தெரியாமத்தான் கேக்குறேன், உங்களுக்கெல்லாம் வெக்கமே கெடையாதா? லைட்டப் போட்டு, சனத்த உக்கார வச்சு, நாங்க ஒடம்ப விக்கிறவங்கன்னு பேர் சொல்லிப் பீத்திக்கிறீங்க.

— பீத்திக்கலயே. வெக்கப்பட்டு வெக்கப்பட்டு முதுகு கூனிப் போச்சு ஆண்ட்டி. விமலாதான் ஆரம்பிச்சா. ஊரு எப்பிடியும் நம்மளப் பத்திக் கத பேசுது, அத நாமளே பேசிட்டா என்னன்னு கேட்டா. மொத நாள் நான் பாதியில மேடையிலயே உக்காந்துட்டேன். ஷோ முடிஞ்சு ஒரு மிஸ்ஸி வந்தாங்க, கிளினிக்ல நர்சு வேல பாக்குற தமிழ்ப் பொண்ணு. உங்கள மாதிரி ஒருத்தி வந்தா ஊசி போடவே எனக்கு அருவருப்பா இருக்கும்க்கான்னு சொல்லி, என் கையப் புடிச்சிக்கிட்டு அழுதுச்சு. அது ஒண்ணு போதும் லா எனக்கு.

— ம்ம். இந்தப் பச்சச் சேல யாரோடது?

— அம்மா வேசத்துக்கு. கருமாதிக் காட்சியில கட்டுறது. விமலா லிட்டில் இந்தியா பூரா தேடி வாங்குனா. அன்னிக்கு நீங்க கட்டியிருந்த பச்ச இதுதான்னு.

— அவளுக்கு எப்பிடித் தெரியும், நான் என்ன கட்டியிருந்தேன்னு?

— அன்னிக்கு அவ வந்தா ஆண்ட்டி. வீடியோவுல முழுசா வரல போல. லாக்கப்புலருந்து விட்டதும் நேரா உங்களப் பாக்கத்தான் வந்தா. உங்களுக்கு மல்லிகப்பூ புடிக்கும்னு பையில வாங்கிக்கிட்டு. வாசல்ல கூடாரம் போட்டிருக்கு, சனம் நிக்கிது. அப்பாதான் போயிட்டாருன்னு நெனச்சு ஓடி வந்திருக்கா. பாத்தா, மாலையப் போட்டு வச்சிருக்கிறது அவ படம். அப்பிடியே திரும்பி பஸ் ஏறிட்டா. அந்தப் பூவ அவளே தலையில வச்சிக்கிட்டு வந்தா, வீணாப் போயிரும்னு.

— பூவா அது?

— எது?

— நீ சொல்லு. அப்புறம் என்ன காட்சி?

— அவ்ளோதான். வாசல்ல நின்னுக்கிட்டு ஒரு வசனம் பேசுவா. எங்கம்மா நல்லாத்தான் அழுதாங்க, ஆனா ஒரு தடவகூட நிமிந்து பாக்கலன்னு. மொதல்ல சனம் சிரிக்கும். அப்புறம் தலையக் குனிஞ்சிக்கும்.

— பொய்யி.

— என்ன பொய்யி?

— நான் பாத்தேன்.

— ஆண்ட்டி...

— மஞ்சப் பஞ்சாபி சூட்டு. பக்கத்து வீட்டு சன்னாசியோட லோரிக்குப் பின்னாடி நின்னா. கையில ஒரு பிளாஸ்டிக் பையி. அவங்க அப்பா அந்தப் பக்கம் திரும்பப் போறாரு. அவருக்குப் பின்னால அத்தன சனம். நான் என்னடி பண்ணுவேன்? மார்ல அடிச்சிக்கிட்டு மண்ணுல விழுந்து பொரண்டேன். எல்லாக் கண்ணும் எம்மேல திரும்பிருச்சு. ஒருத்தரும் அவளப் பாக்கல. என்னத் தூக்கி உக்கார வச்சப்ப அவ இல்ல.

— அவளுக்கு இது தெரியாது. சாகுற வரைக்கும் தெரியாது லா. ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாமே ஆண்ட்டி!

— யாருகிட்ட நம்பரு கேக்குறது? செத்தவ நம்பர எதுக்குக் கேக்குறேன்னு கேட்டா என்ன சொல்றது? இந்தக் காட்சியில அம்மாவா வாரது யாரு?

— தர்மா அக்கா.

— விமலாவா வாரது?

— இன்னிக்கு நான். அவ இல்லாம மொத ஷோ. அதே மஞ்சத் துணி, அதே பூவு. காலையிலருந்து அவ வசனத்தத்தான் சொல்லிப் பாத்துக்கிட்டு இருக்கேன்.

— தர்மா இன்னிக்கு அழக்கூடாது. சொல்லிரு.

— காட்சிய எடுக்கச் சொல்றீங்களா? முடியாது ஆண்ட்டி. ஆஸ்பத்திரியில மூச்சு வாங்க வாங்க அவ கேட்டது அது ஒண்ணுதான், இந்தக் காட்சிய விட்றாதீங்கன்னு. உயிரோட இருந்தப்பதான் வீட்டுலருந்து அழிச்சீங்க, இப்ப இங்கருந்துமா?

— எடுக்கச் சொல்லலடி.

— அப்ப வசனத்த மாத்துறேன். அம்மா நிமிந்து பாத்தாங்கன்னு சொல்றேன். தர்மா அக்காவ நிமிந்து பாக்கச் சொல்றேன். அது போதுமா?

— போதாது.

— பின்ன என்னதான் வேணும் உங்களுக்கு?

— அவளுக்கு நான் ஒரு தடவ அழுதாச்சு. தாமான்ல மறுபடியும் அழ முடியல. ஏன் அழுவுறன்னு கேப்பாங்க. குளிக்கிற ரூம்ல பைப்பத் தொறந்து வச்சிக்கிட்டு, முந்தானைய வாயில திணிச்சிக்கிட்டு அழுவுறேன். ரொம்ப நேரம் பைப்பு ஓடுனா மகன் கதவத் தட்டுறான். பெத்தவளுக்கு வாய் விட்டு அழ ஒரு எடம் வேணாமா?

— ஐயோ, ஆண்ட்டி...

— இங்க அழுதா நடிப்புன்னு நெனச்சிக்குவாங்கல்ல? தர்மாவ இன்னிக்கு உக்காரச் சொல்லு. இந்தச் சேலைக்கு ரவிக்க எங்க?