பச்சைக்கு அடியில்

பழைய பெயிண்ட்டை உரிக்கும்போது அவசரப்படக் கூடாது, சார். ரிமூவரைத் தடவிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் பெயிண்ட் தானாகப் பொங்கி நிற்கும். பொறுமை இல்லாமல் சுரண்டுகிறவன் இரும்பில் கீறல் போட்டுவிடுவான். என் தங்கைக்கு இதைச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்தேன். அப்பா அம்மா போன பிறகு அவளுக்கு எல்லாமே நான்தான். சைக்கிள் கடைக்குப் பின்னால் இரண்டு அறை, ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. அவளுக்காகத்தான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று எல்லோரிடமும் சொல்வேன். எனக்கு யாரும் பெண் கொடுக்க வரவில்லை என்பது வேறு விஷயம்.

மாப்பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். அச்சகத்தில் வேலை. கல்யாணமானதும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டான். வாய் நிறைய மச்சான் என்பான். சாப்பிடும்போது கொஞ்சம் அதிகமாகப் பேசுவான், அவ்வளவுதான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். என் பேச்சுக்கு அவள் அப்படிச் சிரித்ததில்லை.

ஒருநாள் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்குள் வந்தான்.

"மச்சான், வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. அடுத்த மாசம் கிளம்புறோம். அதுக்குள்ள இதுக்குப் பச்சை அடிச்சுக் கொடுங்க. அவளுக்குப் பச்சைன்னா உயிரு."

"அவ என்கிட்ட சொல்லவே இல்லையே."

"உங்க மனசு கஷ்டப்படும்னு தயங்கினா. அதான் என்னைச் சொல்லச் சொன்னா."

கஷ்டமெல்லாம் ஒன்றுமில்லை. வேலையைப் பார்த்தேன். கறுப்பு பெயிண்ட் கழன்றதும், ஹாண்டில்பாருக்குக் கீழே குழாய்கள் சேரும் இடத்தில் மயிரிழை அளவு விரிசல் தெரிந்தது. எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. விரிசல் கண்டால் சாக்பீஸால் வட்டம் போட்டு, சைக்கிள்காரரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை. அன்றும் வட்டம் போட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு துணியால் துடைத்துவிட்டேன்.

விரிசலை நான் உண்டாக்கவில்லை. அது முன்பே இருந்தது. இதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

அரம் போட்ட தடம் இருக்கிறதே என்கிறீர்கள். இருக்கும். விரிசல் சின்னது, சார். அப்படியே விட்டிருந்தால் வருஷக்கணக்கில் தாங்கியிருக்கும். அவர்களோ அடுத்த மாதம் கிளம்புகிறார்கள். அதனால் அரத்தால் ஆழப்படுத்தி, பள்ளம் தெரியாமல் பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே பச்சை அடித்தேன். அவ்வளவு நேர்த்தியாக வேறு எந்தச் சைக்கிளுக்கும் செய்ததில்லை. மாப்பிள்ளை என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "கடையில வாங்குன மாதிரியே இருக்கு மச்சான்" என்றான்.

அச்சகம் மேட்டில் இருக்கிறது. வேலை முடிந்தால் அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வருவது அவன் பழக்கம். எத்தனையோ முறை நானே திட்டியிருக்கிறேன். அன்றும் அப்படித்தான் வந்தான்.

ஆஸ்பத்திரியில் தங்கை அழுதபோது நானும் அழுதேன். நடிப்பில்லை. அவள் அழுதால் எனக்குத் தாங்காது.

உடைந்த ஃபிரேமைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றேன். அவள் விடவில்லை. கடையில் உட்கார்ந்து ரிமூவரைத் தடவினாள்.

"எதுக்கும்மா இப்ப இதை உரிக்கிறே?"

"உடைஞ்ச இடத்துல பட்டி தெரியுதுண்ணா. வட்டம் போட்டியா?"

"போட்டேன்" என்றேன். பொய் சொல்லவில்லை.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பெயிண்ட் பொங்கும்வரை காத்திருந்தாள். சுரண்டினாள். ஆணியில் மாட்டியிருந்த என் அரத்தை எடுத்துத் தடத்தில் பொருத்திப் பார்த்தாள். கனகச்சிதமாகப் பொருந்தியது. ஃபிரேமைத் தோளில் தூக்கிக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள்.

அந்த இரும்பைத் தடவிப் பாருங்கள், சார். அவள் உரித்த இடத்தில் ஒரு கீறல் உண்டா? அப்படியே என் கை.

ஆமாம், நான்தான் கொன்றேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அவளிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். மிச்சப் பச்சையை அவள் அறைக் கதவுக்கு அடித்து வைத்திருக்கிறேன். இந்நேரம் காய்ந்திருக்கும். கோபம் தணிந்ததும் வீட்டுக்கு வரட்டும்.