மூடி போட்ட ஊசிகள் எங்களுடையவை அல்ல

பெயர் ஜோவிதா, வயது 47, கணவர் பெயர் சில்வஸ்டர், குன்னூரில் குடியிருப்பு. சிலுவைமலை மிஷன் மருத்துவமனையில் செவிலியர் கண்காணிப்பாளர். நான் விசாரணையில் சொல்வதாவது:

எங்கள் மருத்துவமனையில் போட்ட ஊசிக்குத் திரும்ப மூடி போடும் வழக்கம் கிடையாது. சில வருடங்களுக்கு முன்பு இந்துமதி என்ற நர்ஸ், போட்ட ஊசியை மூடும்போது கையில் குத்திக்கொண்டார். அப்போது அவர் கர்ப்பிணி. ரத்தப் பரிசோதனைகள் முடியும்வரை அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதன் பின்பு நான் ஒரு ஏற்பாடு செய்தேன். ஊசியின் மூடியைக் கழற்றியதுமே, நோயாளிக்குப் போடும் முன்பே, அதைக் குப்பையில் போட்டுவிட வேண்டும். கையில் மூடி இருந்தால்தானே திரும்பப் போடத் தோன்றும். ஊசி போட்டவுடன் கட்டில் பக்கத்திலேயே அதைக் கட்டர் கருவியில் வெட்டிவிட வேண்டும். பெரிய டாக்டர் ஒருவர் கோபித்துக்கொண்டார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. இப்போது அவரே புது டாக்டர்களை அதட்டுகிறார்.

இன்று காலை இன்ஸ்பெக்டர், ஆஸ்பத்திரிக் கழிவு போடும் ஒரு சிவப்புப் பையுடன் மருத்துவமனைக்கு வந்தார். பர்லியாருக்குக் கீழே சாலையோரக் கால்வாயை சுத்தம் செய்த கருப்புசாமி என்ற சாலைப் பணியாளருக்கு, அந்தப் பையிலிருந்த ஊசி விரலில் குத்திவிட்டதாகவும், எங்கள் தூய்மைப் பணியாளர் மூக்கம்மா நேற்று மாலை அதே இடத்தில் பஸ்ஸிலிருந்து சாக்குப்பையோடு இறங்கியதைக் கடைக்காரர் ஒருவர் பார்த்ததாகவும், அதனால் மூக்கம்மாவை ஸ்டேஷனில் உட்கார வைத்திருப்பதாகவும் கூறினார். வழக்கு வந்தால் அவருக்கு வேலை போய்விடும் என்பது எனக்குத் தெரியும்.

அதன் பின்பு நான் கையுறை போட்டு, பையை ஒரு தட்டில் கவிழ்த்துப் பார்த்தேன். ஊசிகள் எல்லாம் வெட்டாமல் முழுசாக, மூடி போட்டு இருந்தன. ஒன்று மட்டும் மூடியின் பக்கவாட்டைத் துளைத்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதுதான் கருப்புசாமியைக் குத்தியிருக்க வேண்டும்.

"சார், இது எங்க ஆஸ்பத்திரி ஊசி இல்லைங்க. எங்க ஊசிக்கு மூடியே இருக்காதுங்க," என்றேன். எல்லா ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் சொல்வார்கள் என்று இன்ஸ்பெக்டர் சிரித்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எந்த வார்டை வேண்டுமானாலும் அவரே காட்டட்டும் என்றேன். யாருக்கும் சொல்லி அனுப்பாமல் அவர் காட்டிய மூன்று வார்டுகளிலும் போட்டு முடித்த ஊசிகளைச் சேர்க்கும் வெள்ளை டப்பாக்களைத் திறந்து காட்டினேன். அத்தனையும் வெட்டிய ஊசிகள், ஒன்றிலும் மூடி இல்லை. அதன் பின்பு அவர் சிரிக்கவில்லை.

அதன் பின்பு அவருடைய ஜீப்பிலேயே ஸ்டேஷனுக்குப் போனேன். மூக்கம்மாவின் வீட்டுக்குப் போய், சாக்கில் இருந்தது ரேஷன் அரிசிதான் என்று பார்த்து வந்ததாக அங்கிருந்த பெண் காவலர் கூறினார். மூக்கம்மா பெஞ்சில் இல்லை. புகார் கொடுக்க வந்த கருப்புசாமி விரலைப் பிதுக்கி ரத்தம் எடுத்துக்கொண்டிருந்ததைக் கண்டு, மூக்கம்மா உட்காரச் சொல்லியும் கேட்காமல் எழுந்து, அவரைக் குழாயடிக்கு அழைத்துப்போய்விட்டதாகவும் அந்தக் காவலர் கூறினார். நாங்கள் போய்ப் பார்த்தபோது மூக்கம்மா அவர் கைக்குச் சோப்பு போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, அமுக்காதீங்க, வாயிலயும் வெச்சறாதீங்க. தண்ணி ஓடட்டுமுங்க. கிருமி தொத்தாம இருக்க மாத்திரை இருக்குது, இன்னைக்கே போடோணும்," என்று அவர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். தன் மேல் சந்தேகம் வரக் காரணமான ஆளின் கையை அவர் பிடித்திருந்தார்.

மூக்கம்மா இனி தன் வீட்டுக்குப் போகலாம் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். அதற்கு அவர், "இவரு மாத்திரை போட்டதப் பாத்துட்டுப் போறனுங்க சார்," என்று சொல்லிவிட்டு, கருப்புசாமியோடு ஜீப்பில் ஏறி அரசு மருத்துவமனைக்குப் போனார். எத்தனையோ நர்சுகளுக்கு நான் வேலை கற்றுக்கொடுத்திருக்கிறேன். மூக்கம்மாவுக்கும் நான்தான் கற்றுக்கொடுத்தேன் என்பதை இதில் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) சி. ஜோவிதா