ஆறு குழிகளுக்கும் மெழுகு

இந்த நாற்காலியின் ஒரு கால் ஆடுகிறது ஐயா. ஒரு அட்டையை மடித்து வைத்தால் போதும். போன வருடம் தங்கைக்காகப் புகார் கொடுக்க வந்தபோதும் இதில்தான் உட்கார்ந்தேன். அப்போதும் ஆடியது. "குடும்பச் சண்டை, பேசித் தீத்துக்குங்க" என்று அனுப்பிவைத்தீர்கள்.

நான் அருங்காட்சியகத்தில் பழைய துப்பாக்கிகளைப் பழுது பார்க்கிறவன். உங்கள் மேசையில் இருக்கும் ரிவால்வருக்கு நூற்றைம்பது வயதுக்கு மேல். அதற்கு முன்னால் சக்கிமுக்கிக் கல் பொறியில்தான் சுட்டார்கள். மழை பெய்தால் பாதித் துப்பாக்கி வெடிக்காது. பிறகு செப்புத் தொப்பி வந்தது, சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. விசையை இழுத்ததும் துப்பாக்கியின் சுத்தியல் அதைத் தட்டும், உள்ளே தீ பாயும்.

தோட்டா கிடையாது. சுழலும் உருளையின் ஆறு குழிகளிலும் வெடிமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை நெம்புகோலால் இறுக்கி, மேலே கொழுப்பும் தேன்மெழுகும் கலந்து பூச வேண்டும். குண்டு குழியை இறுக்கி அடைக்காமல், மெழுகும் இல்லாமல் இருந்தால், ஒரு குழியின் தீ பக்கத்துக் குழிக்குத் தாவும். ஆறும் ஒன்றாக வெடிக்கலாம். குழலுக்கு நேராக இருப்பது ஒன்றுதான். மற்றவை போகிற வழியில் எது இருக்கிறதோ, அதன் மேல் போகும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அருங்காட்சியக மேடையில் அதைச் சுட்டுக் காட்டுகிறவர் என் தங்கையின் கணவர், மருந்து அடைத்துக் கொடுப்பது நான். நல்ல பேச்சுக்காரர், கூட்டம் சொக்கிப்போகும். சுடும்போது இடது கையைக் குழலுக்கு அடியில் கொடுத்துத் தாங்குவார். "அங்க கை வெக்காதீங்க மாப்ளே" என்று மூன்று வருடம் சொன்னேன். "உனக்கு எப்பவும் பயம்தான் மச்சான்" என்று சிரிப்பார். தங்கையை அடிப்பதும் அந்த இடது கையால்தான்.

மூன்று முறை அவள் என் வீட்டுக்கு ஓடி வந்தாள். மூன்று முறையும் நானே பஸ் ஏற்றிக் கொண்டுபோய் விட்டேன். நாலாவது முறை தாடை வீங்கியிருந்தது. தண்ணீர் கொடுத்தேன், கடைவாயில் ஒழுகிவிட்டது. "எங்கண்ணே போவேன்?" என்றாள். அன்று சாயங்காலம் அவரே வந்து கூட்டிப்போனார்.

அந்த ஞாயிறு கொஞ்சம் சின்னக் குண்டுகளாகப் பொறுக்கி எடுத்தேன். மெழுகு டப்பாவைத் திறக்கவில்லை. அந்தக் கை போகட்டும் என்றுதான் நினைத்தேன். கை ஒன்றும் உயிர் இல்லையே.

கூட்டத்தில் யாரோ, "பொம்பளைங்க இதைச் சுட முடியுமா?" என்று கேட்டார். மாப்பிள்ளை முன்வரிசையிலிருந்த என் தங்கையை மேடைக்கு அழைத்தார். பவுடர் பூசித் தாடையை மறைத்திருந்தாள். துப்பாக்கியை வாங்கி, புருஷன் பிடிப்பதைப் பார்த்துப் பழகியபடியே இடது கையை அடியில் கொடுத்தாள்.

நான் நாலு எட்டு தூரத்தில் நின்றேன். ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருந்தது. சொன்னால் செய்தது நான் என்று தெரிந்துவிடும். நான் உள்ளே போய்விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அதை யோசித்துத்தான் வாயை மூடிக்கொண்டேன்.

மூன்று விரல்கள் போயின. ஒரு கண்ணும். துப்பாக்கியை அவள் கையில் கொடுத்தவர் என்று நீங்கள் அவரைப் பிடித்துக்கொண்டு போனீர்கள், எனக்கு மனசு நிறைந்தது என்பதையும் மறைக்கவில்லை.

நேற்று ஆஸ்பத்திரியில், கட்டுக்கு வெளியே தெரிந்த ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "மெழுகு வெக்க மறந்துட்டேன்னு சொல்லிடுண்ணே. நானும் அப்படியே சொல்றேன்" என்றாள்.

அவளுக்காக நான் எதையும் செய்வேன் ஐயா. ஆனால் அதை மட்டும் சொல்ல முடியாது. இருபத்திரண்டு வருடத்தில் நான் ஒரு நாள்கூட மெழுகு வைக்க மறந்ததில்லை.